ஹோமர் காட்டும் வீரர்கள்



கதையைக் காதால் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். வேலை முடிந்து, குளித்துச் சாப்பிட்டுவிட்டு வாசலில் உட்கார்ந்திருக்கும்போது பெரியவர் ஒருவர் எடுத்துச் சொல்லும் கதை, புத்தகத்தில் படிக்கும் கதையைவிட ஆழமாக மனத்தில் பதிந்துவிடுகிறது. இன்று நாம் பேசப்போகும் இரண்டு காவியங்களும் அப்படிக் காதால் கேட்கப்பட்டவைதாம். ஏறத்தாழ 2,700 ஆண்டுகளுக்கு முன்பு கிரேக்க மக்களிடையே பாணர்கள் பாடிய கதைகள் அவை. ஒன்றின் பெயர் இலியட். மற்றொன்றின் பெயர் ஒடிசி. இரண்டையும் பாடியவர் ஹோமர் என்னும் புலவர் என்று கிரேக்கர்கள் நம்பினார்கள். அவர் கண்பார்வை இல்லாதவர் என்றும் சொன்னார்கள்.

இலியட் 15,600க்கும் மேற்பட்ட அடிகளைக் கொண்டது. ஒடிசியில் 12,100க்கும் மேற்பட்ட அடிகள் உண்டு. எழுத்தின் துணையின்றி இவ்வளவு நீண்ட பாடலை ஒருவர் பாட முடியுமா என்று அறிஞர்கள் நெடுங்காலம் ஐயப்பட்டனர். 1930களில் மில்மன் பாரி என்னும் அமெரிக்க அறிஞர் அப்போதைய யூகோஸ்லாவியா நாட்டு மலைக்கிராமங்களுக்குச் சென்றார். அங்கே எழுதப் படிக்கத் தெரியாத பாடகர்கள் பல நாள் தொடர்ந்து வீரக்கதைகளைப் பாடியதைக் கேட்டார். அவற்றைப் பதிவும் செய்தார். பழகிப்போன சொற்றொடர்களையும் காட்சிகளையும் கைவசம் வைத்துக்கொண்டு, பாடும்போதே பாட்டைக் கட்டிக்கொண்டு போவதுதான் அவர்களுடைய வித்தை. ஹோமரின் பாடல்களும் இத்தகைய வாய்மொழி மரபிலிருந்து வந்தவையே என்பது அதன் பின்னர் தெளிவாயிற்று. ஆகவே படிப்பறிவு இல்லாதவர்களிடம் இலக்கியம் இல்லை என்று யாராவது சொன்னால், நேயர்களே, அதை நம்ப வேண்டாம்.

இந்தக் காவியங்கள் வீரர்களைப் பற்றியவை. வீரன் என்பவன் யார்? அவனை ஊர் எதற்காக மதிக்கிறது? அந்த மதிப்புக்கு யார் விலை கொடுக்கிறார்கள்? இந்த மூன்று கேள்விகளையும் மனத்தில் வைத்துக்கொண்டு கதைக்குள் செல்வோம்.

ஸ்பார்ட்டா நாட்டு அரசன் மெனலாஸ். அவனுடைய வீட்டுக்கு விருந்தாளியாக வந்தான் டிராய் நகரத்து இளவரசன் பாரிஸ். உண்ட வீட்டுக்கே இரண்டகம் செய்து, மெனலாஸின் மனைவி ஹெலனை அழைத்துக்கொண்டு தன் ஊருக்குப் போய்விட்டான். மெனலாஸின் அண்ணன் அகமெம்னான் தலைமையில் கிரேக்கச் சிற்றரசர்கள் எல்லாரும் கப்பலேறிச் சென்று டிராய் நகரை முற்றுகையிட்டார்கள். இன்றைய துருக்கி நாட்டின் வடமேற்கில் ஹிசார்லிக் என்னும் மேடு ஒன்று இருக்கிறது. அதுவே டிராய் இருந்த இடம் என்று ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். பத்து ஆண்டுகள் நடந்த போர் என்பது கதை. ஆனால் இலியட் அந்தப் பத்து ஆண்டுகளையும் சொல்லவில்லை. பத்தாம் ஆண்டில் ஏறக்குறைய ஐம்பது நாள்களில் நடந்ததை மட்டுமே சொல்கிறது. அந்த ஐம்பது நாள்களின் பொருள் ஒருவனுடைய கோபம்.

அவன் பெயர் அக்கிலீஸ். கிரேக்கப் படையில் அவனுக்கு நிகரான போர்வீரன் வேறு எவனும் இல்லை. அவனுடைய தாய் தெதிஸ் கடல் தெய்வம். தந்தை பீலியஸ் மனிதன். போர்க்களத்தில் நின்றால் இளவயதிலேயே சாவான், ஆனால் அழியாத புகழ் பெறுவான். ஊருக்குத் திரும்பினால் நெடுநாள் வாழ்வான், ஆனால் பெயர் நிற்காது. இந்த இரண்டில் ஒன்றைத்தான் அவன் தேர்ந்தெடுக்க முடியும்.

கோபம் எப்படி வந்தது என்று பார்ப்போம். அப்போலோ தேவனுடைய பூசாரி ஒருவரின் மகளை அகமெம்னான் சிறைப்பிடித்து வைத்திருந்தான். தந்தை மீட்புப் பொருளுடன் வந்து கெஞ்சியும் அவமதித்துத் துரத்தினான். தேவனின் சினத்தால் படையில் கொள்ளைநோய் பரவிற்று. ஒன்பது நாள் பிணங்கள் எரிந்தன. பத்தாம் நாள் அக்கிலீஸ் சபையைக் கூட்டினான். பெண்ணைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்ற முடிவு வந்தது. அகமெம்னான் இணங்கினான். ஆனால் தலைவனாகிய நான் மட்டும் பங்கில்லாமல் நிற்பதா என்று கேட்டு, அக்கிலீஸுக்குப் பரிசாகக் கிடைத்திருந்த பிரைசியிஸ் என்னும் பெண்ணை ஆளனுப்பிப் பறித்துக்கொண்டான்.

இங்கே கிரேக்கர்களின் ஒரு சொல்லை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். 'தீமே' என்பது அந்தச் சொல். மதிப்பு, மரியாதை, மானம் எல்லாம் அதில் அடங்கும். ஆனால் இந்த மதிப்பு மனத்துக்குள் மட்டும் இருப்பதன்று, கண்ணால் காணத்தக்கது. போரில் கிடைத்த பொருளைப் பங்கிடும்போது இன்னாருக்கு இவ்வளவு என்று படை கூடிக் கொடுக்கிறது. விருந்தில் இன்னாருக்கு இந்த இடம், இந்த இறைச்சித் துண்டு என்று வைக்கிறார்கள். அந்தப் பங்குதான் ஒருவனுடைய மதிப்பை ஊரறியக் காட்டுவது. பங்கைப் பறித்தால் மானத்தையே பறித்ததாகும். ஆகவே அக்கிலீஸ் ஒரு பெண்ணுக்காகச் சிறுபிள்ளைபோல் அடம்பிடித்தான் என்று எண்ணிவிடக் கூடாது. முன்வரிசையில் நின்று போராடுபவன் நான், பங்கு பிரிக்கும்போது பெரும்பங்கு உனக்கா என்பதுதான் அவனுடைய கேள்வி. உழைப்பு ஓரிடத்திலும் பலன் வேறோரிடத்திலும் போய்ச் சேருவதைக் கண்டவர்களுக்கு இந்தக் கேள்வியின் சூடு புரியும்.

இதே கேள்விக்கு மறுபக்கத்திலிருந்து விடை சொல்பவன் சார்ப்பிடான். லிசியா நாட்டுத் தலைவன். டிராய்க்குத் துணையாக வந்தவன். போர் முற்றிய நேரத்தில் அவன் தன் நண்பன் கிளாக்கஸைப் பார்த்துப் பேசுகிறான். நம் நாட்டில் நமக்கு ஏன் முதலிடம் தருகிறார்கள், நல்ல இறைச்சியும் நிறைந்த கிண்ணமும் ஏன் நமக்கு வருகின்றன, ஆற்றங்கரையில் பழத்தோட்டமும் கோதுமை வயலும் நமக்கு ஏன் கொடுத்தார்கள் என்று கேட்கிறான். அதற்கு ஈடாக நாம் இப்போது முன்வரிசையில் நிற்க வேண்டும்; சும்மா தின்றுகொண்டிருப்பவர்கள் அல்லர் நம் தலைவர்கள் என்று மக்கள் சொல்ல வேண்டும் என்கிறான். மேலே இருப்பவனுக்கு வசதி அதிகம் என்றால் பொறுப்பும் அதிகம் என்பது இதன் கருத்து. சார்ப்பிடான் தன் பேச்சைக் காப்பாற்றினான். அந்தப் போரிலேயே மாண்டான். அகமெம்னானிடம் குறைவாக இருந்தது இந்தப் பொறுப்புணர்ச்சிதான்.

தலைவர்கள் இப்படிப் பேசலாம். சாதாரணப் படைவீரன் பேசினால் என்ன ஆகும்? அதையும் ஹோமர் காட்டுகிறார். தெர்சிட்டீஸ் என்று ஒருவன். கால் வளைந்தவன், தோள் கூனியவன், டிராய்க்கு வந்தவர்களிலேயே அழகற்றவன் என்று கவிஞரே அவனை ஏளனமாக அறிமுகப்படுத்துகிறார். அவன் சபையில் எழுந்து அகமெம்னானைக் கேட்கிறான்: உன் கூடாரம் நிறைய வெண்கலம் இருக்கிறது, நாங்கள் பிடித்துக் கொடுத்த பெண்கள் இருக்கிறார்கள், இன்னும் என்ன வேண்டும்? இவனை இங்கேயே விட்டுவிட்டு நாம் ஊர் திரும்புவோம் என்று படையினரையும் அழைக்கிறான். உடனே ஒடிசியஸ் செங்கோலால் அவன் முதுகில் அடிக்கிறான். முதுகு தடித்துப் போகிறது, கண்ணீர் வருகிறது. கூட்டம் சிரிக்கிறது.

நேயர்களே, தெர்சிட்டீஸ் சொன்னதும் அக்கிலீஸ் சொன்னதும் பெரும்பாலும் ஒன்றுதான். ஒருவன் சொன்னபோது படையே நடுங்கியது. மற்றவன் சொன்னபோது அடி விழுந்தது. அந்தச் சமுதாயத்தில் சொல்லுக்கு எடை சொல்பவனின் பிறப்பைப் பொறுத்திருந்தது. கவிஞர் அந்தச் சமுதாயத்தின் மனிதர்தான். அதை அவர் மறைக்கவில்லை. ஆயினும் தெர்சிட்டீஸின் பேச்சை முழுமையாக நம் காதில் போட்டுவிட்டார். அடித்தவனின் கோலும் தெரிகிறது. அடிபட்டவனின் நியாயமும் தெரிகிறது.

உழைப்பவரின் நியாயம் வேறோரிடத்திலும் வருகிறது. டிராய் நகரின் பழைய அரசன் லாவோமிடான். ஜீயஸின் ஆணைப்படி பொசைடன், அப்போலோ என்னும் இரண்டு தெய்வங்கள் ஓராண்டு அவனிடம் கூலிக்கு வேலை செய்தனவாம். ஒருவர் நகரத்துக்கு மதில் கட்டினார். மற்றவர் மாடு மேய்த்தார். ஆண்டு முடிந்து கூலி கேட்டபோது அரசன் கொடுக்க மறுத்தான். கை கால்களைக் கட்டித் தூரத்துத் தீவுக்கு விற்றுவிடுவேன், காதை அறுத்துவிடுவேன் என்று மிரட்டியும் அனுப்பினான். அந்த வஞ்சகத்தைப் பொசைடன் மறக்கவே இல்லை. தெய்வமேயானாலும் கூலிக்கு வந்து நின்றால் இந்த நிலை என்று பாடிய பாணனுக்கு, கூலி பிடித்தம் என்றால் என்னவென்று தெரிந்திருக்க வேண்டும்.

அக்கிலீஸிடம் திரும்புவோம். அவன் போரிலிருந்து ஒதுங்கிக் கூடாரத்தில் உட்கார்ந்துவிட்டான். கிரேக்கர்கள் தோற்கத் தொடங்கினார்கள். பயந்துபோன அகமெம்னான் தூதனுப்பினான். பொன், குதிரைகள், ஏழு ஊர்கள், தன் மகளையே மணம் முடித்துத் தருதல் என்று பட்டியல் நீண்டது. பிரைசியிஸையும் திருப்பித் தருவதாகச் சொன்னான். ஆனால் நேரில் வந்து, தவறு செய்துவிட்டேன் என்று சொல்லவில்லை. அக்கிலீஸ் மறுத்துவிட்டான். மாட்டையும் ஆட்டையும் மறுபடி கவர்ந்து வரலாம்; ஒருமுறை பற்களின் வேலியைத் தாண்டிப் போன உயிரைத் திருப்பிக் கொண்டுவர முடியாது என்பது அவன் வாதம். வீரர்களில் தலைசிறந்தவனே, வீரத்துக்கு ஊர் கொடுக்கும் விலை உயிருக்கு ஈடாகுமா என்று சந்தேகப்படும் இடம் இது.

அவனுடைய கோபம் நியாயமானது. ஆனால் நியாயமான கோபத்துக்கும் ஓர் எல்லை உண்டு. அவன் உட்கார்ந்திருந்த ஒவ்வொரு நாளும் குற்றமற்ற தோழர்கள் செத்து விழுந்தார்கள். கடைசியில் அவனுடைய உயிர்த்தோழன் பத்ரோக்ளஸ், இதைப் பார்த்துப் பொறுக்கமாட்டாமல், அக்கிலீஸின் கவசத்தை அணிந்துகொண்டு களத்துக்குப் போனான். டிராய் இளவரசன் ஹெக்டரின் கையால் மாண்டான். மானத்துக்காகத் தொடங்கிய பிணக்கு, மானத்தைவிட அருமையான ஒன்றைக் கொண்டுபோய்விட்டது.

ஹெக்டர் இன்னொரு வகை வீரன். அக்கிலீஸ் கடல் கடந்து வந்து போரிட்டவன். ஹெக்டரோ சொந்த ஊர் மதிலுக்கு வெளியே நின்று போரிட்டவன். அவனுக்குப் பின்னால் வயதான பெற்றோர், மனைவி, கைக்குழந்தை எல்லாரும் இருந்தார்கள். நகர வாயிலில் மனைவி ஆண்ட்ரோமக்கி அவனைத் தடுக்கிறாள். அவளுடைய தந்தையையும் ஏழு அண்ணன் தம்பிகளையும் கொன்றவன் அக்கிலீஸ். இனி எனக்குத் தந்தையும் தாயும் உடன்பிறப்பும் கணவனும் நீங்களே என்று அழுகிறாள். மதில் பலவீனமாக இருக்கும் அத்திமரத்தருகே படையை நிறுத்துங்கள் என்று யோசனையும் சொல்கிறாள். போருக்குப் பின்வாங்கினால் ஊர் ஆண்கள், பெண்கள் முகத்தில் எப்படி விழிப்பேன் என்கிறான் ஹெக்டர். பிறகு குழந்தையைத் தூக்கக் கை நீட்டுகிறான். தலைக்கவசத்தின் மேல் ஆடும் குதிரைமயிர்க் குஞ்சத்தைப் பார்த்துக் குழந்தை வீறிட்டு அழுகிறது. தாயும் தந்தையும் சிரித்துவிடுகிறார்கள். ஹெக்டர் கவசத்தைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டுக் குழந்தையை வாங்கி முத்தமிடுகிறான். ஊர் போற்றும் வீரனின் கோலம் சொந்தப் பிள்ளைக்குப் பயமாக இருக்கிறது. அதைக் கழற்றினால்தான் அவன் அப்பாவாகிறான். இந்தச் சிறு காட்சிக்கு விளக்கம் வேண்டியதில்லை.

ஊர் என்ன சொல்லும் என்ற அந்த வெட்கமே பின்னர் அவனைக் கொன்றது. அக்கிலீஸ் மறுபடி களத்தில் இறங்குவான், படையை உள்ளே கொண்டுபோவோம் என்று பொலிடமாஸ் என்னும் நண்பன் முந்தின இரவே சொன்னான். ஹெக்டர் கேட்கவில்லை. மறுநாள் பலர் மாண்டார்கள். மதில்மேல் நின்று தாயும் தந்தையும் உள்ளே வா என்று கதறியபோதும், என் பிடிவாதத்தால் மக்களை அழித்துவிட்டேன், இனி எந்த முகத்தோடு உள்ளே போவேன் என்று வெளியிலேயே நின்றான். அக்கிலீஸ் நெருங்கியபோது பயந்து ஓடினான். நகரை மூன்று முறை சுற்றினான். பிறகு நின்றான்; போரிட்டான்; மாண்டான். வீரன் பயப்படமாட்டான் என்று ஹோமர் பொய் சொல்வதில்லை.

அக்கிலீஸின் கோபம் அதோடும் தீரவில்லை. ஹெக்டரின் உடலைத் தேரில் கட்டி இழுத்தான். பத்ரோக்ளஸின் சிதையில் பன்னிரண்டு டிராய் இளைஞர்களை வெட்டிப் போட்டான். இறந்தவனை அடக்கம் செய்ய விடாமல் வைத்திருப்பது கிரேக்கர்களின் கண்ணில் மிகப் பெரிய முறைகேடு. தெய்வங்களே முகம் சுளித்தன.

அப்போது நடந்ததுதான் இந்தக் காவியத்தின் சிகரம். ஹெக்டரின் தந்தை பிரியாம், டிராய் நாட்டுக் கிழ அரசர். மகனுடைய உடலைக் கேட்டு வாங்க, இரவில் பகைவனின் பாசறைக்கு வந்தார். கூடாரத்துக்குள் நுழைந்து, அக்கிலீஸின் முழங்காலைப் பற்றிக்கொண்டு, தம் பிள்ளைகள் பலரைக் கொன்ற அந்தக் கைகளை முத்தமிட்டார். உன் தந்தையை நினைத்துப் பார், அவரும் என் வயதுதான் என்றார். அக்கிலீஸ் ஊரில் தனியே இருக்கும் தன் தந்தை பீலியஸை நினைத்தான். தான் உயிரோடு திரும்பப் போவதில்லை என்பது அவனுக்குத் தெரியும். இருவரும் சேர்ந்து அழுதார்கள். கிழவர் மகனுக்காக அழுதார். இளைஞன் தந்தைக்காகவும் தோழனுக்காகவும் அழுதான். பிறகு அக்கிலீஸ் எழுந்து கிழவரைக் கைபிடித்துத் தூக்கினான், உடலைக் கழுவச் செய்து வண்டியில் ஏற்றினான், சாப்பிடச் சொன்னான், படுக்கை போட்டுக் கொடுத்தான். ஈமக்கடன் முடிய எத்தனை நாள் வேண்டும் என்று கேட்டு, அத்தனை நாளும் போரை நிறுத்தி வைப்பதாக வாக்களித்தான்.

இலியட் அத்தோடு முடிகிறது. டிராய் வீழ்ந்த வெற்றியை அது பாடவில்லை. மரக்குதிரையும் அதில் இல்லை. கிரேக்கப் பாணன் கிரேக்கர்களின் முன்னால் பாடிய பாட்டு, பகைவனுடைய ஈமச்சடங்கில் முடிகிறது. வீரத்தை இவ்வளவு தூரம் பாடிய கவிஞர் கடைசியில் எதை உயர்ந்தது என்று கருதினார் என்பது நமக்கு விளங்குகிறது.

பெண்கள் நிலையைச் சொல்லாமல் விடக்கூடாது. பரிசுப்பொருளாகக் கைமாறிய பிரைசியிஸ் திரும்பி வந்து பத்ரோக்ளஸின் பிணத்தைக் கண்டு புலம்புகிறாள். கணவனையும் மூன்று சகோதரர்களையும் போரில் இழந்தவள் அவள்; பத்ரோக்ளஸ் ஒருவன்தான் அவளிடம் அன்பாகப் பேசியவன். சுற்றியிருந்த அடிமைப் பெண்களும் அழுகிறார்கள். வெளிக்குப் பத்ரோக்ளஸுக்காக, உள்ளுக்குள் அவரவர் துயரத்துக்காக என்கிறார் ஹோமர். வீரர்களின் புகழுக்கு விலை கொடுத்தவர்கள் யார் என்று தொடக்கத்தில் கேட்டோம். விடை இங்கே இருக்கிறது.

புகழைக் கிரேக்கர்கள் 'கிளேயோஸ்' என்றார்கள். காதால் கேட்கப்படுவது என்பது அதன் அடிப்படைப் பொருள். பாணன் பாடினால்தான் வீரன் செத்தும் வாழ்வான். இதே எண்ணம் நம் சங்கப் பாடல்களிலும் உண்டு. புறநானூற்றுப் பாணர்களையும் புலவர்களையும் கிரேக்க வீரப்பாடல்களோடு ஒப்பிட்டு விரிவாக ஆராய்ந்தவர் பேராசிரியர் க. கைலாசபதி. ஆங்கிலத்தில் அவர் எழுதிய அந்த நூல் 1968இல் ஆக்ஸ்போர்டில் வெளியாயிற்று. அவர் பிறந்த ஊர் நம் கோலாலம்பூர், ஆண்டு 1933. பின்னர் இலங்கையில் கற்றுப் பேராசிரியரானவர்.

இனி ஒடிசிக்கு வருவோம். போர் முடிந்து ஊர் திரும்பப் பத்து ஆண்டுகள் கடலில் அலைந்த ஒடிசியஸின் கதை அது. இங்கே வீரம் வேறு உருவம் எடுக்கிறது. பொறுமை, சமயோசிதம், வீட்டை மறவாத நெஞ்சம் ஆகியவையே இங்கு வீரம். அவன் மனைவி பெனலோப்பியும் அதே வகை வீராங்கனை. கணவன் இல்லாத வீட்டில் 108 பேர் வந்து உட்கார்ந்துகொண்டு, எங்களில் ஒருவனை மணந்துகொள் என்று நெருக்குகிறார்கள். அவன் ஆடுமாடுகளை அடித்துத் தின்கிறார்கள். மாமனாருக்கு ஈமத்துணி நெய்து முடிக்கட்டும் என்று சொல்லி, பகலில் நெய்ததை இரவில் பிரித்து, மூன்று ஆண்டுகள் அவள் அவர்களை ஏமாற்றினாள்.

இந்தக் காவியம் மனிதரை அளக்கும் அளவுகோல் விருந்தோம்பல். முன்பின் தெரியாதவன் வாசலில் வந்து நின்றால் முதலில் சோறு, பிறகுதான் பெயர் என்ன, ஊர் எது என்ற கேள்வி. அந்நியரும் பிச்சைக்காரரும் ஜீயஸின் காப்பில் இருப்பவர்கள் என்பது அவர்களுடைய நம்பிக்கை. டிராய்ப் போரே பாரிஸ் இந்த முறையை மீறியதால் வந்தது அன்றோ? வந்தவனைப் பிடித்துத் தின்ற ஒற்றைக்கண் அரக்கன் இந்த முறைக்கு நேர்மாறானவன். அவன் இனத்தாருக்குச் சபையும் இல்லை, சட்டமும் இல்லை.

ஒடிசியஸ் இருபது ஆண்டுகள் கழித்துப் பிச்சைக்காரன் வேடத்தில் ஊர் வந்து சேர்கிறான். அவனை முதலில் வரவேற்றவன் யூமேயஸ் என்னும் பன்றி மேய்ப்பவன். பாய்ந்து வந்த நாய்களைக் கல்லெறிந்து விரட்டி, குடிசைக்குள் அழைத்துப் போய், இலை தழை பரப்பி ஆட்டுத்தோல் விரித்து உட்கார வைத்தான். என்னால் முடிந்தது கொஞ்சம்தான், ஆனாலும் மனமுவந்து கொடுக்கிறேன் என்று இரண்டு பன்றிக்குட்டிகளை அறுத்துச் சமைத்தான். இரவில் குளிருக்குத் தன் மேலாடையைக் கொடுத்தான். இந்த யூமேயஸ் யார் தெரியுமா? பிறப்பால் ஓர் அரசன் மகன். குழந்தையாக இருந்தபோது கடல்வணிகர்கள் கடத்திக் கொண்டுவந்து விற்றுவிட்டார்கள். அரண்மனையில் இருந்த செல்வர் வீட்டுப் பிள்ளைகள் அதே பிச்சைக்காரன்மீது முக்காலியை வீசினார்கள். குடிசையில் இருந்த அடிமை போர்வை கொடுத்தான். யார் பெரியவர் என்று கவிஞர் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் ஒடிசி முழுவதிலும் கவிஞர் தாமே முன்வந்து நீ என்று நேராக அழைத்துப் பேசும் பாத்திரம் இந்தப் பன்றி மேய்ப்பவன் ஒருவன்தான்.

அதே அரண்மனையில் பன்னிரண்டு பெண்கள் திருகையில் மாவரைக்கிறார்கள். பதினொருவர் தங்கள் பங்கை முடித்துவிட்டுத் தூங்கப் போய்விட்டார்கள். எல்லாரிலும் பலம் குறைந்த ஒருத்தி மட்டும் விடியும் வரை அரைத்துக்கொண்டிருக்கிறாள். மேகமில்லாத வானத்தில் இடி முழங்குவதைக் கேட்டு அவள் கை நிற்கிறது. என் முழங்கால்களை ஒடித்த இவர்கள் உண்ணும் கடைசி விருந்தாக இது இருக்கட்டும் என்று ஜீயஸை வேண்டுகிறாள். ஒடிசியஸ் அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொள்கிறான். அன்றே அந்த வீணர்கள் அழிந்தார்கள். அரசனின் வெற்றிக்கு முன்னறிவிப்பாகப் பெயரற்ற ஓர் உழைப்பாளியின் வேண்டுதலை வைத்தாரே, அதுதான் ஹோமர்.

ஆனாலும் இந்தச் சமுதாயத்தில் குறை இல்லை என்று சொல்ல மாட்டோம். வெற்றிக்குப் பின், அந்த ஆடவர்களோடு பழகிய பன்னிரண்டு பணிப்பெண்களைத் தூக்கிலிட்டார்கள். அவர்களுக்கு வேறு வழி இருந்ததா என்று யாரும் கேட்கவில்லை. பழங்காலத்தைப் போற்றும்போது அதன் கொடுமையையும் கண் திறந்து பார்க்க வேண்டும்.

முடிவாக ஒரு காட்சி. ஊர் திரும்பும் வழியில் ஒடிசியஸ் இறந்தோர் உலகத்துக்குப் போகிறான். அங்கே அக்கிலீஸின் ஆவியைக் காண்கிறான். வாழ்ந்தபோது உன்னைத் தெய்வம்போல் மதித்தோம், இங்கேயும் நீ அரசனாக இருக்கிறாய், சாவுக்காக வருந்தாதே என்று ஆறுதல் சொல்கிறான். அக்கிலீஸ் அதை ஏற்கவில்லை. செத்தவர்கள் எல்லாருக்கும் அரசனாக இருப்பதைவிட, சொந்த நிலமில்லாத ஏழை ஒருவனிடம் கூலியாளாக மண்ணின்மேல் வாழ்வதே மேல் என்கிறான். புகழுக்காக உயிரைக் கொடுத்தவனின் வாயிலிருந்து வரும் சொல் இது. அடுத்த மூச்சிலேயே, என் மகன் எப்படி இருக்கிறான், என் தந்தையை ஊரார் மதிக்கிறார்களா என்று கேட்கிறான். மகன் துணிவுள்ளவன் என்று அறிந்ததும் மகிழ்ச்சியோடு நடந்து போகிறான். வீரத்தை அவன் வெறுத்துவிடவில்லை. ஆனால் உயிரோடு இருப்பதன் அருமை அவனுக்குத் தெரிந்துவிட்டது.

என்னை மதிக்கவில்லை என்று தொடங்கும் சண்டைகள் இன்றும் நம் வீடுகளிலும் வேலையிடங்களிலும் நடக்கின்றன. நியாயமான பங்கைக் கேட்பது தவறன்று, கேட்கத்தான் வேண்டும். அக்கிலீஸும் தெர்சிட்டீஸும் கேட்டார்கள். ஆனால் கோபத்தை எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் போனால், முதலில் விழுவது பத்ரோக்ளஸ் போன்ற நமக்கு வேண்டியவர்கள்தாம். கோபத்தை விட்டு எழுந்து ஒரு கிழவரைக் கைபிடித்துத் தூக்கினானே, அந்தக் கையைத்தான் நம் பிள்ளைகளுக்கு வீரனின் கை என்று காட்ட வேண்டும். இன்றிரவு இந்தக் கதையை வீட்டில் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். காதால் கேட்ட கதை நிலைத்து நிற்கும்.